எண்ணூறு மில்லி

பழைய சர்பத் பாட்டிலில் மார்க்கரால் ஒரு கோடு.
காலையில் நான்தான் கோடுவரை நிரப்புவேன்.
மாத்திரைக்கு, தேத்தண்ணிக்கு, ஆணத்துக்கு,
வாய் கொப்பளிக்கையில் தவறி இறங்குவதற்கும்
எல்லாம் அதிலிருந்துதான்.
ராத்திரி பத்துக்கு அடியில் ரெண்டு விரல் மிஞ்சினால்
வாப்பா அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பார்,
சம்பளக் கவரைப் பார்ப்பதுபோல.

செவ்வாயும் வெள்ளியும் ஹைகிரவுண்டில் டயாலிசிஸ்.
வெள்ளி வேண்டாமே, ஜும்ஆ போயிருமே என்று கேட்டுப் பார்த்தார்.
வெள்ளிக்குத்தான் கட்டில் காலி.
ரத்தம் வெளியே போய்த் திரும்பும் நாலு மணி நேரமும்
ஊசி இல்லாத கையின் விரல்கணுக்களில்
திக்ரு எண்ணிக்கொண்டு கிடப்பார்.
ஊசி ஏறும் மணிக்கட்டில் ஒருநாள் காது வைத்தேன்.
பாங்குக்கு முன்னால் மைக்கைப் போட்டதும் வருமே
ஒரு இரைச்சல், அது.
பாங்கு வரவில்லை.
இரைச்சல் நிற்கவும் இல்லை.

நோன்பு கூடவே கூடாது என்றார் டாக்டர்.
ஒரு நோன்புக்கு ஒரு ஏழைக்குச் சாப்பாடு என்றார் ஹஜ்ரத்.
பீடி சுற்றிய காசில் உம்மா முப்பது நாளுக்கும் அரிசி அளந்தாள்.
பள்ளிவாசல் கஞ்சி தூக்குவாளியில் வரும்.
மூடியைத் திறப்பார், மணம் பிடிப்பார், மூடிவிடுவார்.
"பகல்ல மட்டும் தண்ணி குடிக்காதவனுக்கு அம்புட்டு நன்மை.
வருசம் பூரா நோன்பு கெடக்கவன
எந்தக் கணக்குல எழுதுவான்?"
சிரித்தார்.
அப்புறம் சத்தமில்லாமல் தவ்பா செய்தார்.

மசூது அண்ணனுக்கு தர்கா என்ற சொல்லே ஆகாது.
நேர்ச்சைச் சோறு வந்தால் தட்டை நகர்த்திவிடுவான்.
பொட்டல்புதூர் போகணும் என்று உம்மா சொன்ன அன்று
நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தோம்.
அவன் வண்டிச் சாவியை எடுத்தான்.
உள்ளே வரவில்லையாம். முக்கால் மணி நேரம்
வெயிலில் வண்டிமேலேயே இருந்தானாம்.
"கேட்டாச்சா?"
"கேட்டாச்சு."
"நானும் கேட்டேன். இங்க இருந்தே, நேரா."
மேலப்பாளையம் வரும்வரை வேறு பேச்சில்லை.

மதுரையில் கமிட்டி. கல்யாணப் போட்டோ எங்கே என்றார்கள்.
போட்டோ ஹராம் என்று பெரியாப்பா தடுத்த கல்யாணம் அது.
ஜமாஅத் தப்தரை மஞ்சள் பையில் கொண்டு போயிருந்தோம்.
மைதீன் பிச்சை, செய்யதலி பாத்திமா,
மஹர் நூற்றியொரு ரூபாய், கோணல் கையெழுத்து.
"யாராச்சும் வற்புறுத்துனாங்களாம்மா?"
"ரெண்டாத் தந்தவன்
ரெண்டும் ஒனக்குத்தான்னு சொல்லலியே"
என்ற உம்மா, எழுந்திருக்கும்போது கேட்டாள்,
எத்தனை நாள் கழித்துப் பீடி சுற்றலாம் என்று.

கண்விழித்ததும், வறண்ட தொண்டையில்,
வேறொரு கட்டிலிலிருந்து அவள் கேட்டது:
"அவுகளுக்குப் போவுதா?"
போனது.
குழாய் வழியே, பையில்,
பால் ஊற்றாத தேத்தண்ணி நிறத்தில்.
துளி தெறித்தாலும் தொழுகைக்கு உடுப்பு மாற்றுகிற அண்ணன்,
அறைக்கு மாற்றிய நாளிலிருந்து
மாஸ்க்கோடு குனிந்து அளவைப் படித்து
நோட்டில் எழுதினான்.
ரெண்டு மணி, நானூறு. அல்ஹம்துலில்லாஹ்.
மூணு மணி, முந்நூற்று இருபது. அல்ஹம்துலில்லாஹ்.
நஜீஸுக்கு நன்றி சொல்லலாமா என்று
அவன் எந்தக் கிதாபையும் திறக்கவில்லை.

இந்த வருசமும் வாப்பாவுக்கு நோன்பில்லை.
எட்டு மணிக்கு மாத்திரை அலாரம் அடிக்கிறது.
மூணு லிட்டர் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.
கோடு போட்ட பாட்டில் என் அலமாரியில் இருக்கிறது,
தூரப்போட மனசு வரவில்லை,
தைரியமும்.
நேற்று நோன்பு திறக்க எங்களோடு உட்கார்ந்தார்.
குவளை உதட்டருகே இருக்கிறது, குடிக்கவில்லை.
"ஒங்களுக்கு என்ன, குடிங்க" என்றாள் உம்மா.
"இரி," என்றார்,
"மைக்கப் போட்டுட்டான்."